நோயோடு வேலை செய்பவருக்கு வாய்ச்சொல் மட்டும் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கம் ஒன்றில் 'நோயும் பணியிடமும்' என்னும் பொருளில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. தொண்ணூற்றைந்தாவது அதிகாரம் அது. அதன் கடைசிக் குறளில் மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்று வள்ளுவர் வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர் ஒருவர். நோயைத் தீர்க்கும் மருத்துவர் இன்னொருவர். மருந்து மூன்றாவது. நோயாளியின் அருகிலிருந்து கவனித்துக் கொள்பவர் நான்காமவர். இந்த நால்வகையும் சேர்ந்ததுதான் மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து.

முதல் மூன்றைப் பற்றி நாள்தோறும் பேசப்படுகிறது. நான்காமவரைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. அந்தக் காலத்தில் நோயுற்றவர் வீட்டில் படுத்திருந்தார். மனைவியோ மகளோ தாயோ பக்கத்தில் இருந்து பார்த்துக் கொண்டார்கள். இன்றைய நோயாளி படுத்திருப்பதில்லை. இன்சுலின் போட்டுக் கொள்பவரும், சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவரும், மூட்டுவாதத்தால் விரல் மடக்க முடியாமல் தவிப்பவரும் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாதியைப் பணியிடத்தில்தான் கழிக்கிறார்கள். அங்கே அவர்களுக்கு நான்காமவர் யார்?

இது ஏதோ ஒரு சிலருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. 2023ஆம் ஆண்டில் மலேசியாவில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இது 18.3 விழுக்காடாக இருந்தது. இந்தியர்களிடையே இந்நோய் மற்ற இனத்தவரைக் காட்டிலும் உயர்ந்து காணப்படுகிறது என்பதும் பழைய செய்திதான். புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவே. ஆகவே, ஐம்பது பேர் வேலை செய்யும் ஓர் இடத்தில் நீண்டகால நோயாளி ஒருவர்கூட இல்லை என்றால், அவர் இல்லை என்று பொருளாகாது; அவர் வெளியே சொல்லவில்லை என்றுதான் பொருள்.

நான்காவது இரவு

பலருடைய அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கக்கூடிய ஒரு சித்திரத்தை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தொழிற்சாலை. அங்கே ஒரு மெஷின் ஆபரேட்டர். வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது ஆண்டு சர்வீஸ். ஆறு ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக் கொள்கிறார். காலை, மாலை, இரவு என்று வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் வேலை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிடும் நேரம் மாறினால் ஊசி போடும் நேரம் மாறுகிறது. அது மாறினால் சர்க்கரை ஏறி இறங்குகிறது. பழைய மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார். அவர் நல்ல மனிதர். "சரி அண்ணே, நீங்க காலை ஷிப்டே பாருங்க. பத்து மணிக்கு ஒரு தடவை போய் ஏதாச்சும் சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு கடிதம் இல்லை, ஒரு கையெழுத்து இல்லை. நான்கு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின.

பிறகு அந்த மேற்பார்வையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் இளைஞர். ஷிப்ட் பட்டியலைப் பார்த்தார். எல்லாரும் மாறி மாறி வருகையில் ஒருவர் மட்டும் ஏன் காலையிலேயே இருக்கிறார் என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. கோப்பிலும் எதுவும் இல்லை. ஆபரேட்டரை அழைத்துக் கேட்டார். "அண்ணே, பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க? உங்களுக்கு மட்டும் விட்டா மத்தவங்க என்னைக் கேப்பாங்க" என்றார். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். ஆபரேட்டரும், "பரவாயில்லை தம்பி, நான் சமாளிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் அவருக்கு எதிராக நின்றது.

இரவு ஷிப்ட் தொடங்கியது. முதல் மூன்று இரவுகள் எப்படியோ கழிந்தன. நான்காவது இரவு விடியற்காலை மூன்று மணி. இயந்திரம் ஓடிக் கொண்டிருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடி தலையைத் தொங்கப் போட்டிருக்கிறார். கூப்பிட்டால் குழறிக் குழறிப் பேசுகிறார். சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. பார்த்தவர்கள் தூங்குகிறார் என்றார்கள். ஒருவர் குடித்திருக்கிறார் என்றே சொன்னார். உண்மையில் அவருடைய இரத்தச் சர்க்கரை தாழ்ந்து போயிருந்தது. சக ஆபரேட்டர் ஒருவரின் தாய்க்கும் இதே நோய் என்பதால் அவர் புரிந்துகொண்டு இனிப்புத் தேநீர் கொடுத்தார். உயிருக்கு ஆபத்தில்லாமல் போயிற்று. ஆனால் ஒரு வாரம் கழித்து அவர் கைக்கு வந்தது, 'வேலை நேரத்தில் உறங்கியதற்காக ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று விளக்கம் கேட்கும் கடிதம்.

பத்தொன்பது ஆண்டுகளில் அவர் பெற்ற முதல் கடிதம் அது. உதவியை வாய்ச்சொல்லில் கொடுத்த இடம், குற்றச்சாட்டை மட்டும் எழுத்தில் கொடுத்தது.

கிடைத்தது எப்படிக் கைநழுவுகிறது?

நீண்டகால நோயாளிகளுக்குப் பணியிடத்தில் உதவி கிடைப்பதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் மக்களிடம் இரக்கம் இருக்கிறது. முதலாளிகளிலும் நல்லவர்கள் பலர். கிடைத்ததைக் கடைசி வரை வைத்துக் கொள்வதுதான் கடினமாக இருக்கிறது. அது கைநழுவிப் போகும் வழிகளைப் பார்த்தால் நான்கு தெரிகின்றன.

முதலாவது, கொடுத்தவர் போய்விடுகிறார். மாற்றலாகிறார், ஓய்வு பெறுகிறார், அல்லது கம்பெனியே கைமாறுகிறது. அவர் நினைவில் மட்டும் இருந்த ஏற்பாடு அவரோடு போய்விடுகிறது.

இரண்டாவது, சக ஊழியர்களின் முணுமுணுப்பு. "அவருக்கு மட்டும் என்ன தனி நியாயம்?" என்ற பேச்சு கேண்டீனில் தொடங்கும். காரணம் தெரியாதவர்களுக்கு அது நியாயமான கேள்வியாகவே தோன்றும். ஒருவர் செய்யாத இரவு ஷிப்டை இன்னொருவர் செய்கிறார் அல்லவா? அந்தச் சுமையைப் பங்கிட்டுக் கொடுக்காமல் ஒருவர் தலையில் மட்டும் மேலாளர் வைத்தால், கோபம் மேலாளர் மேல் போவதில்லை. நோயாளி மேல்தான் போகிறது.

மூன்றாவது, நோயாளியே அதை விட்டுக் கொடுத்துவிடுவது. நீண்டகால நோயில் நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. இரண்டு மாதம் உடம்பு நன்றாக இருந்தால், 'இனி எனக்கு எதற்கு' என்ற நினைப்பு வந்துவிடும். பிறர் முன் தாழ்ந்து போகிறோமோ என்ற கூச்சமும் சேர்ந்து கொள்ளும். ஆனால் அந்த நல்ல நாள் எங்கிருந்து வந்தது? சரியான நேரத்துக்குச் சாப்பாடு, சரியான நேரத்துக்கு ஊசி, போதிய தூக்கம் ஆகியவற்றால் வந்தது. ஏற்பாடு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்கும் நலத்தை, ஏற்பாடே தேவையில்லை என்பதற்கு ஆதாரமாக எடுத்துக் கொள்வது, கூரை ஒழுகவில்லை என்பதற்காகக் கூரையைப் பிரிப்பது போன்றது.

நான்காவது, ஏற்பாடு தண்டனையாக மாறிவிடுவது. 'உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையே' என்று சொல்லியே பயிற்சிக்கு அனுப்பாமல் விடுவது, பதவி உயர்வுப் பட்டியலில் பெயரைச் சேர்க்காமல் விடுவது, நோயாளி கேட்காமலே ஓவர்டைமை அடியோடு நிறுத்துவது. சில ஆண்டுகளில், இப்படிப்பட்ட ஏற்பாடே வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்துவிடும் நிலை வந்துவிடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சொல் இருக்கிறது. 'சலுகை' என்ற சொல். சலுகை என்றாலே கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுப்பது. மனம் மாறினால் எடுத்துக் கொள்வது. கண் மங்கியவர் கண்ணாடி போட்டுக் கொண்டு கணக்கு எழுதினால் அதைச் சலுகை என்று யாரும் சொல்வதில்லை. கணக்கு சரியாக எழுதப்பட வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி. அதுபோல, வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது பணியிட ஏற்பாடு. சொல்லை மாற்றினால் கேட்பவருக்குக் கூச்சம் குறையும். கொடுப்பவருக்கும் பொறுப்பு கூடும்.

உடம்பு கேட்பது என்ன?

ஏற்பாடு என்றதும் பெருஞ்செலவு என்று முதலாளிகள் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் உடம்பு கேட்பது மிகச் சிறியது.

வேலைச் சட்டத்தின்படி, சாதாரணமாக ஒரு தொழிலாளியை ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். நல்ல உடம்புக்கு இது சரி. இன்சுலின் போட்டுக் கொள்பவருக்கு ஐந்து மணி நேரம் நீண்ட இடைவெளியாக ஆகிவிடலாம். இரத்தச் சர்க்கரை 4 என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், கவனம் சிதறும். அப்போது உடனே 15 கிராம் அளவுக்கு இனிப்பை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லிக் கொடுக்கும் முறை. பையில் இனிப்பு வைத்துக் கொள்ளவும், கால் மணி நேரம் இயந்திரத்தை விட்டு விலகி உட்காரவும் அனுமதி இருந்தால் போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு பொட்டல மிட்டாய். இன்சுலினைச் சூடேறும் லாக்கரில் வைக்க முடியாது என்பதால் குளிர்பெட்டியில் ஒரு மூலை இடமும் தேவைப்படலாம்.

சிறுநீரக நோயாளியின் கணக்கு வேறு. மையத்துக்குப் போய் இயந்திரத்தில் செய்யும் இரத்தச் சுத்திகரிப்பு பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். போக வர ஆகும் நேரமும் முடிந்த பின் வரும் களைப்பும் தனி. இவருக்குத் தேவை நேர மாற்றம். வயிற்றின் வழியாகத் தாமே செய்து கொள்ளும் சுத்திகரிப்பு முறையும் இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு நான்கு முறை திரவத்தை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் அரை மணி நேரம் பிடிக்கும். அவற்றுள் ஒன்று வேலை நேரத்தில் வரும். அதற்கு வேண்டியது சுத்தமான ஒரு சிறிய அறை, கை கழுவக் குழாய், சாத்திக் கொள்ள ஒரு கதவு. பொருள்களை அடுக்கி வைத்திருக்கும் ஸ்டோர் அறையில் ஒரு பகுதியை ஒழித்துச் சுத்தம் செய்து கொடுத்தால் ஒரு மனிதர் வேலையில் நீடிப்பார். அறை இல்லை என்று சொன்னால், அவர் தமக்கு ஏற்ற சிகிச்சையை விடவேண்டி வரும். அல்லது வேலையை விடவேண்டி வரும்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்?

மலேசியச் சட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை நேராகப் பார்ப்பது நல்லது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தன. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் வேலை செய்வோருக்கு அவை பொருந்தும். அவற்றுள் நீண்டகால நோயாளிகளுக்குப் பயன்படக்கூடியவை இரண்டு.

ஒன்று, மருத்துவ விடுப்பு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சர்வீஸ் என்றால் ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கு 60 நாள். முன்பெல்லாம் இந்த அறுபதுக்குள்தான் சாதாரண எம்.சி.யும் அடங்கும். திருத்தத்துக்குப் பின் இரண்டும் தனித்தனிக் கணக்கு. எம்.சி. எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தெரிவிக்காவிட்டால், கையில் எம்.சி. இருந்தும் அனுமதியில்லாமல் வராதவர் என்று கணக்கில் வந்துவிடும்.

மற்றொன்று, வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிடைத்த 60 நாளுக்குள் முதலாளி எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். கூட்டு ஒப்பந்தம் இருக்கும் இடங்களில் விண்ணப்பம் அந்த ஒப்பந்தத்துக்கு ஒத்திருக்க வேண்டும்.

இதிலுள்ள குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பதில் சொல்வது முதலாளியின் கடமை. ஒப்புக் கொள்வது கடமை அன்று. வேலையில் பாகுபாடு பற்றிய தகராறுகளைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு செய்யலாம் என்றும் அதே திருத்தம் கூறுகிறது. ஆனால் பாகுபாடு என்றால் இன்னது என்று அது விளக்கவில்லை. 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டத்தில், நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது பற்றிய பேச்சு உண்டு. ஆயினும் பதிவுக்குரிய ஏழு வகைகளில் செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பன்முகக் குறை என்பவைதான் இருக்கின்றன. நீரிழிவோ சிறுநீரக நோயோ தனி வகையாக இல்லை. நோயின் விளைவால் கால் இழந்தவருக்கும் பார்வை இழந்தவருக்கும் அட்டை கிடைக்கும். காலும் கண்ணும் போகாமல் காத்துக் கொள்ளப் பாடுபடுகிறவருக்கு அந்த வழி இல்லை.

மற்ற நாடுகளும் இந்த இடத்தில் தடுமாறித்தான் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்தது. ஆனால் மருந்தாலோ கருவியாலோ குறை சரிக்கட்டப்பட்டிருந்தால் அதையும் கணக்கில் எடுத்துத்தான் ஒருவரை மதிப்பிட வேண்டும் என்று 1999இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு உடம்பைப் பேணியவருக்கு அந்த ஒழுங்கே எதிரியாயிற்று. 2008இல் சட்டத்தைத் திருத்தி, மருந்து தரும் நலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும், விட்டு விட்டு வரும் நோயும் நோயே என்றும் தெளிவாக்கினார்கள். 'பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க' என்ற கேள்விக்கு ஒரு நாட்டின் சட்டம் பதில் எழுத இத்தனை ஆண்டு பிடித்தது.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் முதலாளிக்கு இதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. அங்கே தொழிற்சங்கங்கள் இன்னொரு பழக்கத்தையும் பரப்பி வருகின்றன. ஊழியருக்குச் செய்து கொடுத்த ஏற்பாடுகளை ஒரே ஏட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுவார்கள். அதற்குக் 'கடப்பிதழ்' என்றே பெயர். மேலாளர் மாறினாலும் பிரிவு மாறினாலும் அந்த ஏடு ஊழியரோடு போகும். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை. அண்டை நாடான சிங்கப்பூரில், 2024 டிசம்பர் முதல் நடப்புக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு முறையாக எழுதுபவருக்கு இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்கிறது.

கோப்பில் இருக்க வேண்டியது

கடப்பிதழைச் சட்டம் கட்டாயமாக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊரிலும் ஒரு ஊழியர் தமக்காக ஒன்றைத் தொடங்கிக் கொள்ளலாம்.

முதலில் மருத்துவரின் கடிதம். 'இவருக்கு நீரிழிவு இருக்கிறது' என்று மட்டும் எழுதிய கடிதத்தால் மேலாளருக்கு ஒன்றும் விளங்காது. இன்னின்ன நேர இடைவெளியில் சாப்பிட வேண்டும், சுழலும் ஷிப்ட் ஏற்றதன்று, தனியாக இயந்திரத்தருகே விடக் கூடாது என்று வேலையோடு பொருத்தி எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். நோயின் முழு வரலாறும் மனிதவளப் பிரிவுக்குத் தேவையில்லை. தேவை எது என்பது தெரிந்தால் போதும்.

அடுத்தது ஊழியரின் விண்ணப்பம். வேண்டியது என்ன, அதனால் வேலை எப்படித் தடையில்லாமல் நடக்கும் என்ற இரண்டையும் அதில் எழுத வேண்டும். 'கருணை கூர்ந்து' என்று தொடங்கும் கடிதத்தைவிட, 'காலை ஷிப்டில் இருந்த நான்கு ஆண்டுகளில் உற்பத்திக் குறைவு ஏற்பட்டதில்லை' என்று தொடங்கும் கடிதத்துக்கு வலு அதிகம். தேதி போட்டு, நகல் எடுத்து, பெற்றுக் கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். மேலாளர் வாயால் ஒப்புக் கொண்டால் அன்று மாலையே, 'இன்று பேசியபடி இன்ன ஏற்பாட்டுக்கு ஒப்புக் கொண்டதற்கு நன்றி' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். அந்த நன்றியே ஆவணமாகிவிடும்.

மூன்றாவது, மறுபரிசீலனைத் தேதி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இருவரும் உட்கார்ந்து பேசுவது என்று எழுதிக் கொள்வது நல்லது. அந்தத் தேதி இருந்தால், திடீரென்று ஒரு நாள் ஏற்பாட்டை எடுத்துவிட முடியாது. ஊழியரும் ஒரு நல்ல வாரத்தை நம்பி அதைக் கைவிட மாட்டார். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் அன்று பேசிக் கொள்ளலாம். புதிய மேலாளர் வந்தால், அவர் கேட்கும் வரை காத்திராமல் முதல் வாரத்திலேயே கோப்பை எடுத்துக் காட்டுவது இன்னும் நல்லது.

சக ஊழியர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆயினும் பக்கத்தில் வேலை செய்யும் ஒருவருக்காவது, மயக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தால் அது உயிரைக் காக்கும்.

முதலாளியின் பக்கம்

முதலாளிகள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. முந்நூறு பேர் உள்ள தொழிற்சாலையில் ஒருவரின் ஷிப்டை மாற்றுவது எளிது. ஐந்து பேர் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் வாரம் மூன்று நாள் பாதியில் போனால், மீதி நால்வரின் தலையில் அது விழும். கேட்பதெல்லாம் எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. முழுதாகக் கொடுக்க முடியாதபோது எவ்வளவு முடியும் என்று பேசலாம். மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம்.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பத்தொன்பது ஆண்டு அனுபவமுள்ள ஆபரேட்டர் போய்விட்டால், இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவும் அவரோடு போய்விடும். புதியவருக்கு அதைக் கற்றுக் கொடுக்கும் கையேடு கடையில் விற்பதில்லை. மேலும், ஒருவர் நோயை மறைத்துக் கொண்டு வேலை செய்யும் இடம் அவருக்கு மட்டும் ஆபத்தானதன்று. அவர் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்தானது.

எல்லா முயற்சியும் செய்த பின்னும் பழைய வேலை முடியாது போகலாம். அப்போதும் ராஜினாமா கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடக் கூடாது. சொக்சோ 2007ஆம் ஆண்டில் 'வேலைக்குத் திரும்பும் திட்டம்' ஒன்றைத் தொடங்கியது. தகுதியுள்ள சந்தாதாரருக்கு அதன் அதிகாரிகள் முதலாளியோடு பேசி, வேலையை மாற்றி அமைக்கவோ வேறு வேலை பார்க்கவோ உதவுகிறார்கள். நிரந்தரமாக உழைக்கும் திறன் குன்றியவர்களுக்கு இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. நியாயமின்றி வேலை நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். உடம்பு சரியில்லாத நேரத்தில் அறுபது நாள் விரைவாக ஓடிவிடும். வீட்டில் இருப்பவர்களாவது தேதியைக் குறித்து வைத்துக் கொள்வது நல்லது.

கடிதத்துக்குப் பதில்

தொடக்கத்தில் பார்த்த ஆபரேட்டரிடம் திரும்புவோம். விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை அவர் மனைவிதான் முதலில் படிக்கிறார். மறுநாள் இருவரும் கிளினிக்குக்குப் போகிறார்கள். மருத்துவர் ஒன்றரைப் பக்கம் எழுதித் தருகிறார். தொழிற்சங்கச் செயலாளர் உடன் போகிறார். அன்றிரவு நடந்தது உறக்கம் அன்று, நோயின் தாக்கம் என்று நிர்வாகம் ஏற்றுக் கொள்கிறது. நிலையான காலை ஷிப்ட், பத்து மணிக்குக் கால் மணி நேர இடைவேளை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை என்று எழுதிக் கையெழுத்தாகிறது.

முழு வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. இரவு ஷிப்டுக்கான அலவன்ஸ் அவருக்கு இனி இல்லை. மாதக் கடைசியில் அந்தப் பணம் இல்லாதது வீட்டில் தெரியும். ஆனால் வேலை இருக்கிறது. காலும் கண்ணும் இருக்கின்றன. அந்த இளம் மேற்பார்வையாளரும் தம் மேசை இழுப்பறையில் ஒரு பொட்டலம் குளுகோஸ் வாங்கி வைத்திருக்கிறார். அவரும் ஒரு நாள் மாற்றலாகிப் போவார். அவர் இடத்துக்கு வருபவர் கோப்பைத் திறந்தால் அந்தத் தாள் இருக்கும்.

வள்ளுவர் சொன்ன நான்காமவர், நோயாளியின் அருகில் இருப்பவர். வீட்டில் அவர் உறவினர். பணியிடத்தில் அவர் மேலாளராக இருக்கலாம், அடுத்த இயந்திரத்தில் நிற்கும் தோழராக இருக்கலாம், சங்கச் செயலாளராகவும் இருக்கலாம். அவர்களுடைய நல்ல மனத்தை நம்பலாம், நம்பத்தான் வேண்டும். அந்த நல்ல மனம் இருக்கும்போதே அதை எழுதி வாங்கி வைத்துக் கொள்வது நம்பிக்கைக் குறைவு ஆகாது. நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கும், அதே நோயோடு அடுத்து வேலைக்கு வரப் போகிறவருக்கும் அது வழி காட்டும்.

இன்று உடம்பு நன்றாக இருக்கும் நேயர்கள், இந்த வாரமே ஒரு தாளை எடுத்துத் தேதி போடலாம்.